இருபத்து நான்கு இருக்கைகள்

வேதியியல் ஆய்வகத்தின் வாசலில் பதினான்கு பேர் நின்றார்கள். உள்ளே இருபத்து நான்கு இருக்கைகள். இருபத்து நான்குக்கும் மே மாதமே ஆள் பதிவாகிவிட்டது. ஆகவே வாசலில் நின்ற ஒவ்வொருவரும், உள்ளே இருக்க வேண்டிய யாரோ ஒருவர் இன்று வராமல் போக வேண்டும் என்று மனத்துக்குள் வேண்டிக்கொண்டிருந்தார். முதல் நாள் பெயர் கூப்பிடும்போது இல்லாதவரின் இடம் பறிபோகும். காத்திருப்போர் பட்டியலின் வரிசைப்படி அது வாசலில் நிற்பவருக்குப் போகும். முதல் இரண்டாண்டுப் படிப்பு மட்டுமே உள்ள சமுதாயக் கல்லூரியில் ஆகஸ்டுதோறும் நடக்கிற சடங்கு இது; கோயில் வாசலில் நிற்பவர்களின் முகத்தில்கூட இத்தனை பக்தியைப் பார்க்க முடியாது.

பெல்மீரா போர்பா பட்டியலில் மூன்றாவது.

"அக்கா, நீங்க எத்தனாவது?" பின்னால் நின்றவன் கேட்டான். கக்கத்தில் ஸ்கேட்போர்டு இடுக்கியிருந்தான்.

"மூணு."

"நான் நாலு. அப்ப உள்ள நாலு பேருக்குக் காய்ச்சல் வரணும்."

"பாவம், காய்ச்சல் எதுக்கு? அலாரம் அடிக்காம இருந்தாப் போதும்."

அவன் சிரித்தான். பெல்மீராவுக்குச் சிரிப்பு முழுதாக வரவில்லை. வேதியியலின் முதல் பகுதி இந்தப் பருவத்தில் மட்டும். இரண்டாம் பகுதி அடுத்த பருவத்தில் மட்டும். இரண்டையும் வரும் மே மாதத்துக்குள் முடித்தால் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டில் அவளுக்கு இடம் உறுதி. அப்படி எழுத்தில் ஒப்பந்தம் இருக்கிறது. இந்த அறையில் இடம் கிடைக்காவிட்டால் ஓராண்டு போகும். இருபத்தெட்டு வயதில், தினமும் விடியுமுன் மூன்று மணிக்கு நூற்று இருபது மாடுகளைக் கறந்துவிட்டுப் படிக்க வருகிறவளுக்கு ஓராண்டு என்பது நாட்காட்டிக் கணக்கு அன்று.

தவறு அவளுடையதுதான். பதிவு திறந்த நாள் தூய ஆவியார் திருவிழாவுக்கு மறுநாளான திங்கட்கிழமை. அன்று காலை ஏழரைக்குத் தம்பி தேலியோவைக் கூப்பிட்டு, "எட்டு மணிக்கு உனக்குப் பதிவு, மறந்துடாதே" என்று நினைவூட்டியவள் அவள்தான். மாட்டு விளையாட்டுக்காகக் கட்டியிருந்த வேலியின் மேல் உட்கார்ந்தபடியே அவன் கைப்பேசியில் பதிந்துகொண்டான். அவளுடைய நேரம் எட்டரை. எட்டரைக்கு அவள், ஊர்க்காரர்கள் கூடும் மன்றத்தின் சமையற்கூடத்தில், முந்தின நாள் எண்ணூறு பேருக்கு இறைச்சிச் சாறு காய்ச்சிய அண்டாக்களில் ஒன்றுக்குள் தோள்வரை கையை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கைப்பேசி வண்டியில் கிடந்தது. எட்டாவது அண்டா முடிந்தபோது மணி பதினொன்று. இருபத்து நான்கு இருக்கைகளும் போயிருந்தன. சோம்பலால் தவறவிட்டிருந்தால் தன்னைத் திட்டிக்கொள்ளவாவது வசதியாக இருந்திருக்கும்.

பத்தாண்டுகளுக்கு முன்பு, பள்ளி முடிந்த கையோடு அவள் நேரே பல்கலைக்கழகத்துக்குப் போனவள். அப்பா லவுதலீனு அன்று மன்றத்தில் எல்லாருக்கும் வைன் வாங்கிக் கொடுத்தார். அங்கே வேதியியல் வகுப்பு நானூறு பேர் அமரும் அரங்கில் நடந்தது. ஆசிரியர் கட்டைவிரல் உயரத்தில் எங்கோ கீழே தெரிந்தார். யாரும் யார் பெயரையும் கூப்பிடவில்லை. முதல் தேர்வில் தோற்றபோது அவளுக்குத் தகவல் சொன்னது கணினி; இரண்டாவதில் தோற்றபோதும் கணினிதான். ஓராண்டு முடிந்து வீட்டுக்கு வந்தாள். மாடுகள் அவளை ஒன்றும் கேட்கவில்லை. ஊரில் மற்ற எல்லாரும் கேட்டார்கள். சமுதாயக் கல்லூரியின் வாசலை மிதிக்க அவளுக்கு ஏழாண்டு பிடித்தது. முதல் வாரமே கணக்கு ஆசிரியர் அவளுடைய நோட்டைத் திருப்பிக் கொடுத்து, "பெல்மீரா, விடை சரி, மூணாவது வரில அதிர்ஷ்டம் உங்களக் காப்பாத்தியிருக்கு" என்றார். தன் மூன்றாவது வரியை ஒருவர் படித்திருக்கிறார் என்பதை அவள் வீடு வரை நினைத்துக்கொண்டே வந்தாள்.

அதனால்தான், தேலியோவுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து அழைப்பு வந்தபோது, அவள் சாப்பாட்டு மேசையில் அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினாள். அதே பாடம், அதே புத்தகம். முதல் இரண்டாண்டு இங்கே, பின்னிரண்டாண்டு அங்கே. கடைசியில் பட்டத்தில் இருக்கப்போவது பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும். கட்டணம் பத்தில் ஒரு பங்கு. எல்லாவற்றுக்கும் மேலாக, "இங்க விழுந்தா எழுந்திரிக்க இடம் இருக்கு. அங்க விழுந்தா வீட்டுக்குத்தான் வரணும்." தேலியோ அழைப்பை மறுத்தான். அப்பா மூன்று நாள் கொட்டிலிலேயே சாப்பிட்டார். அடுத்த ஞாயிறு மன்றத்தில் அம்மாவின் அண்ணன் எல்லாருக்கும் கேட்கும்படி, "என்ன மச்சான், ரெண்டு பிள்ளைங்களும் பதிமூணாங் கிளாஸ்தானாமே! பதினாலுக்கு எப்ப போவாங்க?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் கல்லூரியின் பெயர் பதிமூணாங் கிளாஸ் என்றே ஆயிற்று.

கதவு திறந்தது. டாக்டர் இவாட்டா குள்ளமான பெண்மணி. கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கையில் பட்டியல்.

பெயர்கள் அகர வரிசையில் வந்தன. இரண்டாவது பெயருக்குப் பதில் இல்லை. வாசலில் ஒரு சலசலப்பு. ஐந்தாவது பெயர்: "போர்பா, தேலியோ."

யாரும் கை தூக்கவில்லை.

பெல்மீராவுக்கு அப்போதுதான் உறைத்தது. காலை ஆறு மணிக்குத் தலையீற்றுக் கிடாரி ஒன்று கன்று போட முடியாமல் படுத்துவிட்டது. கன்றின் பின்னங்கால்கள் முன்னால் வந்தன. இன்று கொட்டில் முறை அவளுடையது. ஆனால் தேலியோ சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு, "நீ போ அக்கா. நீதான் வாசல்ல நிக்கணும். என் பேருதான் ஏற்கெனவே லிஸ்ட்ல இருக்கே, நான் மெதுவா வந்துக்கறேன்" என்றான். அவளும் சரியென்று கையைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டாள். பட்டியலில் பெயர் இருந்தால் போதும் என்று நினைப்பது புதிதாக வருகிறவன் செய்யும் பிழை. பிறருடைய பிழையைத்தான் நம்பி இங்கே நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பிறரில் தம்பியும் ஒருவனாக இருப்பான் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

பட்டியல் முடிந்தது. வராதவர்கள் மூவர்.

"காத்திருக்கறவங்க. ஒண்ணு." ஒரு பெண் ஏறக்குறைய ஓடிப்போய் உட்கார்ந்தாள். "ரெண்டு." ராணுவத் தொப்பிக்காரர் ஒருவர் போனார். "மூணு. பெல்மீரா போர்பா."

அவள் கால் வாசற்படியைத் தாண்டிவிட்டது. பின்னால் வந்த நாட்களில் அவள் மறைக்காமல் ஒப்புக்கொண்ட விஷயம் இது: ஒரு கால் உள்ளே போய்விட்டது. அந்த ஒரு காலில் நின்று அவள் எல்லாவற்றையும் யோசித்தாள். அவனுக்குப் பதினெட்டு வயது. அவனுக்கு ஓராண்டு ஒன்றும் பெரிதில்லை. யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது, விதி அப்படி. ஆனால் அவன் ஏன் வரவில்லை என்பது இந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

டாக்டர் இவாட்டா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அந்தப் போர்பா உங்க சொந்தமா?"

"தம்பி, மேடம். அவன்... வந்துக்கிட்டிருக்கான். கன்னு போட்டுக்கிட்டிருக்கான்."

"அவனேவா?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். அறை சிரித்தது.

"மாடு போடுது. இவன் இழுக்கறான்."

"வரிசைல அடுத்தது நீங்கதான்," என்றார் டாக்டர் இவாட்டா, சிரிக்காமல். "அவர் வந்துட்டார்னா உங்களுக்கு இடம் இல்ல. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

"பாதுகாப்பு விதிகளைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் பட்டியலை மூட மாட்டேன். பதினஞ்சு நிமிஷம் ஆகும்."

ஸ்கேட்போர்டுக்காரன் அவள் காதருகே குனிந்தான். "அக்கா, உங்களுக்குக் கிறுக்கா? பேசாம உள்ள போங்க. இல்ல ஒதுங்குங்க, நானாவது போறேன்."

பெல்மீரா காலை வெளியே எடுத்துக்கொண்டு நடைபாதைக்குப் போனாள். தேலியோவின் கைப்பேசி அடித்து ஓய்ந்தது. கொட்டில் சுவரில் தொங்கும் பழைய தொலைபேசிக்கு அடித்தாள்.

"யாரு?" அப்பாவின் குரல்.

"நான்தான்ப்பா. தேலியோ எங்க?"

"கை தோள் வரைக்கும் மாட்டுக்குள்ள இருக்கு. என்ன வேணும்?"

"அவன உடனே அனுப்புங்க. இன்னும் கால் மணி நேரத்துல இங்க இல்லன்னா சீட்டு போயிடும்."

"பதிஞ்ச சீட்டு எப்படிப் போகும்?"

"முதல் நாள் வரலன்னா போயிடும்ப்பா."

"போனா யாருக்குப் போகும்?"

தொலைபேசிக்குள் கிடாரியின் முனகல் கேட்டது. லவுதலீனு பள்ளிக்கூடம் அதிகம் பார்த்தவரல்லர். ஆனால் எந்த மாடு எந்த மாட்டின் தீனியைத் தின்கிறது என்பது அவருக்கு எப்போதும் தெரியும்.

"உனக்கா?"

"ஆமா."

"நீ வாயத் திறக்கலன்னா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"அனுப்புங்கப்பா."

"கன்னு பாதில நிக்குது."

"நீங்க இழுக்காத கன்னா?"

"அது ரெண்டு முழங்காலும் என் பேச்சக் கேட்ட காலத்துல." பிறகு, தொலைபேசியிலிருந்து விலகி, கொட்டில் அதிர: "டேய்! கயித்த இங்க குடு! ஓடு, உங்கக்கா கூப்பிடறா!"

டாக்டர் இவாட்டா கண் கழுவும் குழாயை விளக்கினார். தீயணைப்புக் கருவியை விளக்கினார். மணி எட்டேகால் ஆயிற்று. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், பார்த்துவிட்டு, "கண் கழுவுற குழாய எல்லாரும் சரியாப் பாத்தீங்களா? இன்னொரு தடவை சொல்றேன்" என்று மறுபடி ஆரம்பித்தார். இரண்டாவது விளக்கம் முடியும் தருவாயில் நடைபாதையில் ரப்பர் பூட்ஸின் தபதப ஓசை கேட்டது. தேலியோ வந்து நின்றான். தலையில் வைக்கோல், கழுத்தில் காய்ந்தும் காயாமலும் ஏதோ வழிந்திருந்தது, அவன் நின்ற இடத்தைச் சுற்றி ஒரு வாசனை பரவியது.

டாக்டர் இவாட்டா அவன் கால்களைப் பார்த்தார். "ஆய்வகத்துல விரல் தெரியற செருப்புக் கூடாதுன்னு இப்பதான் சொன்னேன். இவர் ஒருத்தர்தான் விதியை முழுசாக் கடைப்பிடிச்சிருக்கார். உக்காருங்க, போர்பா."

கதவு மூடுமுன் அவன் அக்காவைத் தேடினான். அவள் வெளியே நின்றுகொண்டிருந்தாள்.

"நீ எங்க உக்காந்திருக்க?" உதட்டசைவில் கேட்டான்.

அவள் கையை ஆட்டி, முன்னால் பார் என்றாள்.

வகுப்பு முடிந்ததும் டாக்டர் இவாட்டா அவளிடம் வந்தார். "வியாழக்கிழமை ரெண்டாவது ஆய்வகம். அதுக்குள்ள யாராவது விலகினா இடம் உங்களுக்கு. அதுக்கப்புறம் நான் நினைச்சாலும் சேர்க்க முடியாது. இருபத்து நாலுக்கு மேல தீயணைப்புத் துறை விடாது." ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பெல்மீராவுக்கு அது பிடித்திருந்தது.

மறுநாள் மதியம் கறவைக் கூடத்தில் இயந்திரங்கள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. தேலியோ மாடுகளை உள்ளே ஓட்டிவிட்டு அவளருகே வந்து நின்றான்.

"நான் விட்டுடறேன் அக்கா. இன்னைக்கே விலகிட்டா, நாளைக்குச் சீட்டு உனக்கு."

"மடில மருந்து தேச்சியா?"

"பேச்ச மாத்தாத. உனக்கு மே மாசக் கெடு. எனக்கு என்ன அவசரம்?"

"அவசரம் உனக்கு இல்ல, மாமாவுக்கு இருக்கு. ஞாயித்துக்கிழமை மன்றத்துல, 'முதல் வாரமே ஓடி வந்துட்டானா?'ன்னு கேட்பாரு. நீ என்ன காரணம் சொன்னாலும் அப்பா காதுல அதுதான் விழும்." அவள் அடுத்த மாட்டின் காம்புகளைத் துடைத்தாள். "உன்ன அங்க போகாம இங்க வரச் சொன்னது நான். இந்த வழி சரியான வழின்னா, ரெண்டு பேருக்கும் சரியா இருக்கணும். உன்னத் தள்ளிட்டு நான் போனா அது வழி இல்ல, சந்து."

"அப்ப நீ என்ன செய்வ?"

"இந்த மாநிலத்துல நம்ம காலேஜ் ஒண்ணுதானா இருக்கு?"

முந்தின நாள் மாலையே அவள் கணினியில் தேடிவிட்டாள். நூற்றுக்கு மேற்பட்ட சமுதாயக் கல்லூரிகள். எதில் எந்தப் பாடம் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்று ஓர் அட்டவணை உண்டு. தெற்கே எழுபது மைலில் ஒரு கல்லூரி. அங்கே இதே பாடம் வியாழன் மாலை ஆறு மணிக்கு, ஆய்வகம் சனிக்கிழமை. நாளைதான் முதல் வகுப்பு. அட்டவணையில் பாட எண்ணை மூன்று முறை சரிபார்த்தாள். பல்கலைக்கழகம் இதை ஏற்கும், ஒப்பந்தம் நிற்கும். பிறகு அந்தத் துறை அலுவலகத்துக்குத் தொலைபேசினாள்.

"லிஸ்ட்டெல்லாம் மூடியாச்சும்மா," என்றாள் அங்கிருந்த பெண். "இனிமே பாக்தசாரியான் சார் கிளாஸ்ல யாரு முதல்ல வாசல்ல வந்து நிக்கறாங்களோ அவங்களுக்குத்தான். போன வருஷம் நாலு மணிக்கே வந்து நின்னாங்க."

"அப்ப நான் பத்து மணிக்கு வந்துடறேன்."

"கிளாஸ் சாயங்காலம்மா."

"தெரியும்."

ஒரே ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. அது இப்போது கூடத்தின் படிகளில் ஒவ்வொன்றாகக் கைப்பிடியைப் பற்றி இறங்கிக்கொண்டிருந்தது. வியாழனும் சனியும் மதியக் கறவைக்கு அவள் இருக்க மாட்டாள். தேலியோ மட்டும் நூற்று இருபது மாட்டைக் கறக்க முடியாது. முழங்கால் தேய்ந்தபின், கறப்பவர் நிற்கும் இந்தக் குழிக்குள் அப்பா இறங்கி இரண்டாண்டு ஆகிறது.

"கன்னு எப்படி இருக்குப்பா?"

"நிக்குது. பெட்டைக் கன்னு." அவர் கடைசிப் படியிலேயே நின்றுகொண்டார். "கைக்கு வந்த சீட்ட எட்டி உதைச்சிட்டு வந்திருக்க. இப்ப எழுபது மைல் போய் இன்னொரு வாசல்ல நிக்கப் போறியாம், உங்கம்மா சொல்றா. எத்தன பதிமூணாங் கிளாஸ் இருக்கு உங்களுக்கு?"

"நூத்துச் சொச்சம் இருக்கு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. இருமி அதை விழுங்கினார். "நேரா அந்தப் பெரிய இடத்துக்கே திரும்பப் போயிருக்கலாம்ல? உனக்கு அங்க இடம் குடுத்தாங்கதானே அன்னைக்கு?"

"குடுத்தாங்க. நானூறு பேருக்கு நடுவுல. நான் முங்கினது அங்க யாருக்கும் தெரியல." அவள் கறவைக் குவளையைக் கழற்றி அடுத்த மாட்டுக்கு மாட்டினாள். "நேத்து ஒரு டீச்சர், தேலியோவுக்காகக் கண் கழுவுற குழாயப் பத்தி ரெண்டு தடவ பாடம் நடத்தினாங்கப்பா. அந்தப் பெரிய இடத்துக்கு நான் போகத்தான் போறேன். ஆனா இந்தத் தடவ நீச்சல் கத்துக்கிட்டுப் போறேன். ரெண்டு வருஷமா நான் எடுத்த மார்க்க நீங்க ஒரு தடவகூடக் கேக்கல."

"நீ சொல்லல."

"கேட்டாச் சொல்லியிருப்பேன்."

லவுதலீனு ஒரு மாட்டின் முதுகைத் தட்டினார். "வியாழக்கிழமையும் சனிக்கிழமையுமா?"

"பதினாறு வாரம்."

அவர் திரும்பிப் படியேறினார். இறங்கியதைவிட ஏறுவதற்குக் கூடுதல் நேரம் பிடித்தது. அவர் சரி என்றாரா மாட்டேன் என்றாரா என்று தேலியோ அக்காவைப் பார்த்தான். அவளுக்கும் தெரியவில்லை. தெரியாமலேதான் புறப்பட வேண்டியிருக்கும் என்பது மட்டும் தெரிந்தது.

வியாழன் காலை எட்டு மணிக்கு அவள் மறுபடி ஆய்வக வாசலில் நின்றாள். செவ்வாயன்று பதினான்கு பேர் நின்ற இடத்தில் இன்று இரண்டே பேர்: அவளும் ஸ்கேட்போர்டுக்காரனும். உள்ளே இருபத்து நான்கு பேரும் இருந்தார்கள். டாக்டர் இவாட்டா வாசலுக்கு வந்து தலையை அசைத்தார்.

"தெற்கே ஒரு வகுப்பு இருக்கு மேடம். அங்க போறேன்."

"பாட எண் பொருந்துதான்னு பாத்தீங்களா?"

"மூணு தடவ."

"அடுத்த பருவத்துல ரெண்டாம் பகுதிக்கு இங்க வந்துடுங்க. பதிவு நாள்ல அண்டா தேய்க்காதீங்க." தேலியோ சொல்லியிருக்க வேண்டும்.

ஸ்கேட்போர்டுக்காரன் அவளோடு வாகன நிறுத்தம் வரை நடந்தான். "அங்கயும் வரிசை இருக்குமா அக்கா?"

"இருக்கும். கிளாஸ் சாயங்காலம் ஆறு மணிக்கு. வரியா? என் பின்னாடி நில்லு."

"எட்டு மணிநேரமா? சாயங்காலம் எனக்குப் பீட்சாக் கடைல வேலை." அவன் பலகையைத் தரையில் போட்டான். "நீங்க மனுஷியே இல்ல."

நெடுஞ்சாலையில் பாதாம் தோப்புகளில் மரங்களை உலுக்கும் இயந்திரங்கள் எழுப்பிய புழுதி மஞ்சளாகத் தொங்கியது. ஒன்பதே முக்காலுக்கு அவள் அந்தக் கல்லூரியின் அறிவியல் கட்டடத்தைக் கண்டுபிடித்தாள். அறை பூட்டியிருந்தது. வாசலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் சாய்த்து, புத்தகத்தின் முதல் இயலைத் திறந்தாள்.

பதினொரு மணிக்குத் துப்புரவுப் பணியாளர் வந்தார். "காலத் தூக்கும்மா." தூக்கினாள். அவர் துடைத்துவிட்டுப் போனார். ஒரு மணிக்கு, அம்மா கட்டிக் கொடுத்த இனிப்பு ரொட்டியையும் பன்றி இறைச்சியில் செய்த லிங்கீசாத் துண்டுகளையும் சாப்பிட்டாள். கழிப்பறைக்குப் போக வேண்டியிருந்தது. புத்தகத்தை வாசலில் வைத்துவிட்டுப் போக மனம் வராமல் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பணியாளரையே அழைத்து அந்த இடத்தில் நிற்கச் சொல்லிவிட்டு ஓடிப்போய் வந்தாள். முதல் இயலின் நாற்பத்திரண்டு கணக்குகளில் முப்பத்தெட்டு முடிந்தன. பதினெட்டு வயதில் இதே கணக்குகள் அவளை அழவைத்தன. இப்போது அவற்றின் மூன்றாவது வரியில் அதிர்ஷ்டத்துக்கு வேலையில்லை.

மூன்று மணிக்கு அவள் கைப்பேசியைப் பார்த்தாள். இப்போது வீட்டில் முதல் பத்து மாடுகள் உள்ளே வந்திருக்க வேண்டும். செய்தி எதுவும் இல்லை. மூன்றரைக்கும் இல்லை. தேலியோ தனியாகத் திண்டாடுகிறானோ என்று நினைத்தாள். எழுந்து திரும்பினால் இரண்டாம் பாதிக் கறவைக்குப் போய்விடலாம். கணக்கு அப்படித்தான் வந்தது. அவள் முப்பத்தொன்பதாவது கணக்கை எடுத்தாள்.

நாலே காலுக்கு முதல் போட்டியாளர் வந்தார். அவளைக் கண்டதும் அவர் முகம் விழுந்தது. ஐந்தரைக்குள் வாசலில் பதினோரு பேர். ஐந்தே முக்காலுக்குக் கைப்பேசி துடித்தது. தேலியோ.

"அப்பா ரெண்டு முழங்காலுக்கும் பட்டை கட்டிக்கிட்டுக் குழிக்குள்ள இறங்கிட்டாரு. மூணு மணிலேர்ந்து என்னத் திட்டிக்கிட்டே கறக்கறாரு. இப்பதான் கை காலியாச்சு. இன்னொண்ணு, கன்னுக்குப் பேரு வெச்சிருக்காரு. 'பதிமூணு'."

லவுதலீனு தம் வாழ்நாளில் எந்தக் கன்றுக்கும் பெயர் வைத்தவரல்லர். காதில் எண் அட்டை மாட்டுவதோடு சரி. பெல்மீரா அந்தச் செய்தியை இரண்டு முறை படித்தாள்.

ஆறு மணிக்குப் பாக்தசாரியான் வந்தார்; கனத்த உடம்பு, பழப்பதனத் தொழிற்சாலையில் வேதியியலாளராக இருந்தவர் என்று வரிசையில் யாரோ சொன்னார்கள். பெயர்களைக் கூப்பிட்டு முடித்தார். வெளியே வந்தார். "ரெண்டு இடம் இருக்கு. யாரு முதல்ல வந்தது?"

நாலே காலுக்கு வந்தவர் மூச்சை இழுத்துவிட்டுப் பெல்மீராவைக் காட்டினார். "எப்ப வந்தீங்க?" என்றார் பாக்தசாரியான்.

அவள் பதில் சொல்லுமுன், நடைபாதையின் கோடியில் வாளியோடு நின்ற பணியாளர் சொன்னார்: "காலைல பதினோரு மணிக்கு நான் தரை துடைக்கும்போதே இங்கதான் இருந்தாங்க சார். காலத் தூக்கச் சொன்னேன், புத்தகத்துலேர்ந்து கண்ண எடுக்காமலே தூக்கினாங்க. மத்தியானம் ஒரு தடவ அவங்க இடத்துல நானே நின்னேன். அதனால ரெண்டாவது இடம் எனக்கு."

நடைபாதை முழுதும் சிரித்தது. பாக்தசாரியான் ஒரு சிறு தாளில் வகுப்பில் சேர்வதற்கான எண்ணை எழுதிக் கொடுத்தார். அவள் கைப்பேசியில் அந்த எண்ணை அழுத்தத் தொடங்கினாள். ஓர் எண்ணைத் தவறாக அழுத்தி, அழித்து, மறுபடி அழுத்தினாள். திரையில் பாடத்தின் பெயருக்கு நேரே பதிவானது என்று வந்தது. உள்ளே போய், மூன்றாவது வரிசையில், கரும்பலகை முழுதும் தெரிகிற ஓர் இருக்கையில் அமர்ந்தாள். பக்கத்திலிருந்தவர்கள் மெல்ல மூக்கைச் சுளித்தார்கள். விடியற்காலைக் கறவையின் அயோடின் வாசனை அவள் கையை விட்டு இன்னும் போகவில்லை. போக வேண்டும் என்று அவள் நினைக்கவுமில்லை.

பாக்தசாரியான் பட்டியலின் அடியில் பேனாவால் புதிய பெயர்களை எழுதிக்கொண்டு, கூப்பிட்டார்.

"போர்பா, பெல்மீரா."

"இருக்கேன்!"

இயந்திர இரைச்சலுக்கு மேலாக மாடுகளைக் கூப்பிட்டுப் பழகிய குரல். முன்வரிசையில் ஒருவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"நல்லாக் காது கேக்குதும்மா," என்றார் பாக்தசாரியான். "பக்கம் ஒண்ணைத் திறங்க."

முதல் இயலின் முடிவில் திறந்திருந்த புத்தகத்தை அவள் ஓசைப்படாமல் பின்னோக்கிப் புரட்டி, பக்கம் ஒன்றைத் திறந்தாள்.